வெள்ளிக்கிழமைக் கீரி

எங்கள் விடுதிக்கு வருகிறவர்களுக்கு வளவு காட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்களுக்கு நாலு புத்திமதி எழுதித் தரும்படி மனேச்சர் கேட்டார். என்னிடம் புத்திமதி கிடையாது. புத்தி இருந்திருந்தால் முழங்கால் தேயும்வரை ஒரே வளவைச் சுற்றிச் சுற்றி நடந்திருப்பேனா? வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு ஓய்வு பெறும்போது மாலை போடுவார்கள். எனக்கு எலும்பு டொக்டர் ஒரு எக்ஸ்றேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, "இந்தக் கால் இனிக் கதிரைக்குத்தான்" என்றார். அதுதான் எனக்கு நடந்த பிரியாவிடை.

ஆகவே கதிரையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். எந்தக் குருவிக்கு என்ன பெயர், எந்த மாதம் எது கூடு கட்டும் என்பதெல்லாம் உங்கள் கைபேசியில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே சொல்லும். ஆட்கள் சுற்றி நின்று மரத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கிற நேரங்கள் வரும். அப்போது என்ன செய்வதென்று கைபேசி சொல்லாது. எனக்கும் தெரியாது. ஆனால் நான் என்ன செய்தேன் என்பது தெரியும்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடவேண்டும். இந்த வேலையில் என் முதல் நாள், கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குத் தெற்கு வேலியோரமாக ஒரு வெள்ளைக் கொக்கைக் காட்டினேன். கொக்கு அசையாமல் நின்றது. அதன் பொறுமையைப் பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன், மிஷன் பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிகளில் பரிசு வாங்கிய வாய் இது. அவர்கள் படம் எடுத்தார்கள். அப்போது காற்றடித்தது. கொக்கு வாயைப் பிளந்து, வயிற்றை ஊதி, வேலியிலிருந்து கழன்று கிளம்பிப் பக்கத்துத் தோட்டத்துக்கு மேலாகப் போனது. அது ஒரு சொப்பிங் பை. குடும்பத் தலைவர் மட்டும் மிக மரியாதையாக என்னிடம் கேட்டார்: "வலசை போகுதோ?"

அன்று முதல், பைனாகுலரால் பார்க்காமல் எதற்கும் பெயர் வைத்ததில்லை. செய்த பிழையை நான் மறுபடி செய்வதில்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பேன். அப்படிக் கண்டுபிடித்தவற்றில் தலைசிறந்தது கீரிப் பிழை.

இடம் உங்களுக்குத் தெரியும். தெல்லிப்பழைத் தோட்டக் காணிகளுக்கு நடுவில், ஒரு காலத்தில் மிஷன் வைத்தியர் ஒருவர் கட்டிய, இப்போது விருந்தினர் விடுதியாகிவிட்ட இந்தப் பெரிய வீடு. முன்னால் மாமரங்கள், மேற்கே வாழை, குசினிக்குப் பின்னால் கிணறு, அதற்கும் அப்பால் அந்தப் பெரிய இலுப்பை. சில வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பின்னேரத் தேத்தண்ணிக்கு இங்கே இரண்டு வானில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் பட்டும் வேட்டியும். கலியாணப் பேச்சு.

பெண் பகுதி புத்தூர். மாப்பிள்ளை பகுதி கொக்குவில். பெண் வீட்டில் சந்தித்தால் மாப்பிள்ளை பகுதி சுவரைத் தட்டிப் பார்க்கும். மாப்பிள்ளை வீட்டில் சந்தித்தால் பெண் பகுதி குசினியை எட்டிப் பார்க்கும். அதனால் யாருக்கும் சொந்தமில்லாத எங்கள் மாமரத்து நிழல். தேத்தண்ணி, வடை, அதற்கு முதல் வளவைச் சுற்றி ஒரு நடை. நடைக்கு நான்.

புறப்பட முதல் பெண் என்னிடம் தனியாக வந்தாள். பெயர் வாகினி. விவசாயப் போதனாசிரியை, தோட்டம் தோட்டமாகப் போய்க் கமக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

"அண்ணை, நீங்களோ வளவு காட்டுறனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"ஒரு உதவி செய்வியளோ? உதிலை வெள்ளைச் சப்பாத்தோடை நிக்கிறா, அவதான் சேந்தன்ரை பெரிய மாமி. தேப்பன்ரை தமக்கை. கனடாவிலையிருந்து வந்து நிக்கிறா. அவ ஓம் எண்டால்தான் அந்த வீட்டிலை ஓம்."

சேந்தன்தான் மாப்பிள்ளை. அவர் பெயரை அவள் சொன்ன விதத்திலேயே இவர்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போதே எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள் என்பது தெரிந்தது.

"சாதகம் பொருந்தேல்லையோ?"

"சாதகமெல்லாம் பொருந்தீட்டுது. இனிச் சகுனமாம். எது குறுக்கை போகுது, எது எங்கையிருந்து கத்துது எண்டு பாத்துத்தான் மாமி வாய் திறப்பாவாம். போன வருஷம் சேந்தன்ரை தங்கச்சியைப் பாக்க வந்த ஒரு மாப்பிள்ளையை, படலையடியிலை பூனை குறுக்கை போனதெண்டு அப்பிடியே திருப்பி அனுப்பினவ." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இவர் அடுத்த மாதம் நோர்வேக்குப் படிக்கப் போறார். இண்டைக்குப் பிழைச்சால் பிறகு எப்ப, என்னெண்டு ஒண்டும் தெரியாது. கூடாதது எதுவும் கண்ணிலை படாமல் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை. ஏலுமெண்டால் நல்லது ஒண்டு காட்டுங்கோ."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன், "பாப்பம் பிள்ளை" என்று சொல்லியிருப்பான். நான் சொன்னது இது:

"பயப்பிடாதேங்கோ. கிணத்தடியிலை என்ரை கீரி ஒண்டு இருக்கு. நேரம் தவறாமல் வரும். கீரி நல்ல சகுனம்தானே?"

"நம்பலாமோ அண்ணை?"

"என்னை நம்பாட்டியும் என்ரை கீரியை நம்பலாம்."

அவள் முகம் விளக்கேற்றியது போல ஆகிவிட்டது. தம்பிமார், தங்கச்சிமார், இந்தத் தொழிலில் மிகவும் ஆபத்தான காட்சி அதுதான்: நீங்கள் கொடுத்த வாக்கில் மலர்ந்து நிற்கிற முகம். இனி அந்த முகத்துக்கு நீங்கள் பொறுப்பு. ஆனால் உங்களிடம் இருப்பதோ நாலு கால், ஒரு வால், சொந்தப் புத்தியோடு திரிகிற ஒரு பிராணி.

நடை தொடங்கியது. பெரிய மாமி முன்னுக்கு. குங்கும நிறக் காஞ்சிபுரம், அதற்குக் கீழே ஓடுகிற ஆட்கள் போடுகிற வெள்ளைச் சப்பாத்து. பக்கத்தில் நான். பின்னால் இரண்டு பகுதியும் சுவாமி வெளிவீதி வருவது போல மெல்ல மெல்ல.

வாழைக்கு வர முதலே மாமி நின்றுவிட்டார்.

"தம்பி, செம்பகம்."

எனக்குத் தெரியவில்லை. "எங்கையம்மா?"

"உதிலை, சருகுக்குள்ளை. சிவத்தக் கண் தெரியேல்லையோ? நீர்தானே காட்டுறவர்?"

சருகுக்குள்ளிருந்து செம்பகப் பறவை நடந்து வந்து எங்களுக்குக் குறுக்காகப் போனது. பெண்ணின் தகப்பனுக்குப் பிடிபடாத சந்தோசம். "வலமிருந்து இடம்! நல்ல சகுனம்!" என்றார். மாப்பிள்ளையின் தகப்பன், "இல்லை, இடமிருந்து வலம் போனால்தான் நல்லம்" என்றார். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் எது வலம் என்பதில் சம்பந்திமார் இருவருக்கும் கைகலப்பு வராத குறை.

மாமி திரும்பினார். "ரெண்டு பேருமாச் சேந்து அதைக் கலைச்சுப்போட்டியள். வாயைப் பொத்திக்கொண்டு வாங்கோ."

அதற்குப் பிறகு மாமி கண்டவற்றை நான் சொல்லப்போனால் நீங்கள் எனக்கு ஏன் சம்பளம் தந்தார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்த தையற்சிட்டின் கூடு. வேம்பில் மரங்கொத்தி இருந்த பக்கம். விறகுக்குள் மறைந்துகொண்டிருந்த உடும்பின் கடைசி வால் துண்டு. ஒவ்வொன்றையும் எனக்கு முதல் கண்டார். சகுனத்துக்காகப் பார்க்கிற கண் இவ்வளவு கூராக இருக்குமா என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, கிணற்றடியில் என் மானத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று நடையைக் கூட்டினேன்.

கிணற்றடியில் கீரி இல்லை.

மாமி உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்தார். மற்றவர்கள் நின்றார்கள். கீரி இல்லை. நான் கீரியின் வீரம் பற்றிக் கொஞ்சம் பேசினேன். கீரி இல்லை. அது வருகிற நேரமும் தாண்டிவிட்டது. வாகினி என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டுக் குசினிப் பக்கம் நழுவினேன்.

குசினியில் றீற்றா அக்கா. குருநகரிலிருந்து ஒவ்வொரு நாளும் மீனோடு வந்து சமைக்கிறவர். அவர் கிணற்றடியில் வீசுகிற மீன் தலைகள்தான் கீரியின் நேரந்தவறாமையின் இரகசியம்.

"அக்கா, எங்கை மீன் தலை?"

"என்ன மீன் தலை?"

"கீரிக்கு."

"உமக்கென்ன விசரே? இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அதோடை சம்பந்தக்காரர் வந்திருக்கினம். காலமையே மனேச்சர் மீன் சட்டியைக்கூட வெளியாலை தூக்கி வைக்கச் சொல்லிப்போட்டார். கடலை வடை கிடக்கு, வேணுமோ?"

"கீரி வடை தின்னுமோ அக்கா?"

"அது என்னை மாதிரி வேதக்காரக் கீரி. வடைக்கு வராது."

மெதடிஸ்த வீட்டில் பிறந்தவன் நான். பெரிய வெள்ளியைத் தவிர்த்தால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைக்கும் மீனுக்கும் எந்தப் பகையும் இல்லை. ஆனால் பிறந்த நாள் தொட்டுச் சைவக்காரருக்கு நடுவில்தான் இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் எந்த ஒழுங்கையால் நடந்தாலும் கத்தரிக்காய்ப் பொரியல் மணந்தானே வரும்? தொந்தியும் தொப்பையுமாக இத்தனை வருடம் அந்த மணத்துக்குள்ளால் நடந்தும், அது ஒரு கீரியின் அலுவலில் கை வைக்கும் என்று எனக்கு ஓடவில்லை. ஒரு பிராணி ஏன் வருகிறது என்று தெரிந்து வைத்திருந்தேன். அது ஏன் வராமல் போகும் என்று யோசிக்கவில்லை.

திரும்பி வந்து வாகினிக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் குனிந்து, சரியாக இருந்த சீலைக் கொய்யக மடிப்பை மறுபடி சரி பார்த்தாள்.

அப்போதுதான் இலுப்பைப் பக்கம் சத்தம் எழும்பியது. புலுனிகள். கூட்டமாகத் திரிகிற அந்தச் சாம்பல் குருவிகளின் கச்சேரி உங்களுக்குத் தெரியும். ஆனால் இது கச்சேரி இல்லை, வழக்கு. ஒரு கொப்பைச் சுற்றி நின்று எல்லாமாகத் திட்டின. அணில்களும் சேர்ந்துகொண்டன. புலுனியும் அணிலும் சேர்ந்து அப்படித் திட்டினால் அங்கே ஒன்றில் பாம்பு, இல்லாவிட்டால் ஆந்தை. அந்த இலுப்பையில் யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அன்று அந்தப் பக்கம் போகாமல் பாதையை மாற்றி வைத்திருந்தேன்.

"தம்பி, உதுகள் ஏன் கத்துதுகள்?" மாமி எழும்பிவிட்டார்.

பெண்ணின் தகப்பன் பாய்ந்து விழுந்தார். "அது ஓணான் அக்கா. ஓணானைக் கண்டால் உதுகள் உப்பிடித்தான்." சொல்லிவிட்டு எனக்குக் கண்ணடித்தார். புத்தூர்ச் சந்தியிலிருந்து பார்த்தாலும் தெரிந்திருக்கும், அப்படி ஒரு கண்ணடிப்பு.

"உங்களைக் கேக்கேல்லை. தம்பி, நீர் சொல்லும். ஓணானோ?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் முதலில் சொன்ன நேரம் இதுதான். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோரும் தேத்தண்ணிக்குப் போகலாம், நாள் குறிக்கலாம். கீரியைத் தராமல் ஏமாற்றியவன் ஒரு ஓணானையாவது தரலாம். வாகினியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணை மூடித் திறந்து, தலையை ஒருக்கால் அசைத்தாள். மறைக்கச் சொல்கிற அசைப்பு இல்லை அது.

"ஆந்தை, அம்மா," என்றேன்.

இதை நேர்மை என்று நினைத்துவிடாதேங்கோ. சொப்பிங் பையைக் கொக்கு என்று சொன்னவன் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. ஆந்தையை ஓணான் என்று சொன்னவன் என்ற பெயரும் சேர்ந்தால் பிறகு வேறு தொழில்தான் பார்க்கவேண்டும்.

பின்னால் யாரோ "சிவ சிவா" என்றார்கள். பெண்ணின் தகப்பன் என்னைப் பார்த்த பார்வையில் கிணற்றின் ஆழத்தை அளப்பது போல ஏதோ இருந்தது.

வாகினி முன்னுக்கு வந்தாள்.

"இப்பிடிப் பெரிய மரங்களிலை இருக்கிறது சோடி ஆந்தை, மாமி. காது மாதிரிக் கொம்பு வைச்ச சின்ன ஆந்தை. எங்கடை பக்கத்து வெங்காயத்திலை முட்டை போட்டுப் புழு வைக்கிற பூச்சியளை இரவிலை பிடிக்கிறது உவைதான். ஆந்தை இருக்கிற மரத்தைத் தறிக்காதேங்கோ எண்டு நான் தோட்டக்காரர் எல்லாருக்கும் சொல்லித் திரியிறனான். இஞ்சை வந்து ஓணான் எண்டு என்னாலை சொல்ல ஏலாது."

தன் கலியாணத்தைத்தான் அவள் அந்த மரத்தடியில் வைத்துக் கதைக்கிறாள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

"காட்டும்," என்றார் மாமி என்னிடம்.

இலுப்பையடிக்குப் போனோம். மாமி என் பைனாகுலரைப் பிடித்து இழுத்துக் கண்ணில் வைத்தார். அதன் பட்டி என் கழுத்தில் கிடந்தது. அதனால் மாமி பார்த்து முடியும்வரை நானும் குனிந்து, காஞ்சிபுரத் தோளில் கன்னத்தை வைத்தபடி நின்றேன். இப்படியான நேரங்களில் பட்டியை முதலில் கழற்றுங்கள். இது ஒன்றுதான் நான் தருகிற தொழில்நுட்ப ஆலோசனை.

"காணேல்லைத் தம்பி. பட்ட கொப்புத்தான் தெரியுது."

"அந்தப் பட்ட கொப்புத்தான் அம்மா."

கொப்பு ஒரு கண்ணைத் திறந்தது.

"ஐயோ!" என்றார் மாமி. என் கன்னத்துக்குக் கீழே அவருடைய தோள் ஒருமுறை துள்ளியது. "பாக்குது! என்னைத்தான் பாக்குது! மற்றது எங்கை? ஓ... சாஞ்சு கொண்டெல்லோ இருக்கு." பிறகு ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பைனாகுலரைக் கனநேரம் மாற்றி மாற்றிப் பிடித்தார். எனக்குக் கழுத்து விறைத்தது. வாகினிக்கு என்ன விறைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மாமி பைனாகுலரை இறக்கினார்.

"ஆந்தை கூடாது எண்டுதான் எங்கடை வீட்டிலை சொல்லுறது."

புலுனிகள்கூட வாயை மூடின மாதிரி இருந்தது.

"ஆனால் இது எங்கடை கூரையிலை வந்து இருந்து கத்தேல்லை. தன்ரை வீட்டிலை தன்ரை பாட்டிலை நித்திரை கொண்டது. நாங்கள்தான் பட்டும் நகையுமா அதின்ரை வாசலிலை வந்து நிக்கிறம். பாவம், கண் முழிச்ச உடனை எங்களைக் கண்டு, இண்டைக்கு முழிவியளம் பிழைச்சது அதுக்குத்தான்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அதுவரை அவர் மூச்சு விட்டாரோ தெரியாது. மாமி தன் தம்பியாரின், மாப்பிள்ளையின் தகப்பனின், பக்கம் திரும்பினார்: "என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பிள்ளை நோர்வேக்குப் போக முதல் கலியாண எழுத்தை எழுதிப்போடுங்கோ." பிறகு பெண்ணின் தகப்பனிடம்: "சம்பந்தி, தெல்லிப்பழை ஆசுப்பத்திரி கிட்டத்தான். ஒருக்கால் கண்ணைக் காட்டிக்கொண்டு போங்கோ."

அன்று கடலை வடை போதவில்லை. றீற்றா அக்கா இன்னொரு தரம் எண்ணெய்ச் சட்டி வைக்கவேண்டி வந்தது. வடைக்கு நடுவில், கீரி வராத காரணத்தை வாகினிக்குச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த நாள் பின்னேரம் படலையில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பெரிய மாமி தனிய இறங்கினார். அதே வெள்ளைச் சப்பாத்து, சாதாரண நூல் சீலை, கையில் ஒரு சொப்பிங் பை. பை சொட்டிக்கொண்டிருந்தது.

"வாகினி சொன்னவள், உம்மட்டை ஒரு கீரி இருக்காம். வெள்ளிக்கிழமை எண்டபடியால் வரேல்லையாம். அதுதான் குருநகருக்குப் போட்டு வாறன்."

றீற்றா அக்கா பையைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்துப்போனார். "பாரைத் தலை! இது கீரிக்கோ? அம்மா, இதிலை ஒடியல் கூழ் காய்ச்சினால் எல்லாரும் குடிக்கலாம்!"

ஒரு தலை கூழுக்குப் போனது. மற்றவற்றோடு நானும் மாமியும் தோய்க்கிற கல்லில் போய் இருந்தோம்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டியளே அம்மா," என்றேன். "இனியும் ஏன் சகுனம்?"

"சகுனமோ?" மாமி சிரித்தார். "எனக்கு எழுபது தாண்டீட்டுது தம்பி. சும்மா நடந்து பாக்கப்போறன் எண்டால், மாமி வெயில், மாமி முழங்கால், கதிரையிலை இருங்கோ மாமி எண்டுவினம். சகுனம் பாக்கவேணும் எண்டு சொல்லிப் பாரும். எல்லாரும் விலகி என்னை முன்னுக்கு விடுவினம். அங்கை கனடாவிலை எங்கடை மாடியிலை புறா. விடிஞ்சால் புறா, பொழுதுபட்டால் புறா. புறாவிலை என்னத்தைப் பாக்கிறது?"

எனக்கு ஒன்று உறுத்தியது. "அப்ப அந்தப் பூனை? குறுக்கை போனதெண்டு மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பினீங்களாம்."

"பூனை போனது. அவன் அதுக்குக் கல்லாலை எறிஞ்சவன். குட்டித்தாச்சிப் பூனை." மாமி பையை அவிழ்த்து ஒரு தலையை வீசினார். "வீட்டுக்காரருக்கு எல்லாத்தையும் விளங்கப்படுத்திக்கொண்டிருக்க ஏலுமே? பூனை குறுக்கை போனது எண்டால் விசயம் முடிஞ்சுது."

வேலியோரப் புல் அசைந்தது. முதலில் மூக்கு, பிறகு ஒரு சோடிக் கண், பிறகு அந்த நீளமான நரைத்த உடம்பு. என் கீரி. இல்லை, கீரி. ஒரு நாள் பிந்தி வந்ததற்கான எந்தக் குற்ற உணர்வும் அதன் முகத்தில் இல்லை. இரண்டு காலில் எழும்பி நின்று எங்களைப் பார்த்தது.

இத்தனை வருடப் பழக்கம் விடுமா? கீரியைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வசனங்கள் இருந்தன. வாயைத் திறந்தேன்.

மாமி கண்ணை எடுக்காமலே மீன் மணக்கிற கையை என் முழங்காலில் வைத்து அழுத்தினார்.

"உஸ். கதையாதையும். பாரும்."